இரண்டு வாசல் கோழிக்கூடு

தையலக்காவின் வீட்டுக் கொல்லைப்புறத்தை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"இது என்னங்க, சுவத்துக்கு நடுவுல கோழிக்கூடு?"

கேட்பதில் தப்பில்லை. மதில் நேராகத்தான் வருகிறது. துவைக்கிற கல்லைத் தாண்டியதும் திடீரென்று இடுப்புக்குக் கீழே வயிறு வைத்துப் புடைத்துக்கொள்கிறது. அந்த வயிற்றுக்குள்தான் கூடு. இந்தப் பக்கம் ஒரு சின்னக் கதவு. தெருவைச் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அங்கேயும் அதே அளவில் ஒரு கதவு. ஒரே கூடு, இரண்டு வாசல். எந்த எஞ்சினியரும் இப்படி வரைந்து கொடுக்க மாட்டான். "அது பெரிய கதை" என்று சொல்லிவிட்டுத் தையலக்கா மிஷின் பெடலை மிதிக்கப் போய்விடுவாள். அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராது. நமக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. சொல்லிவிடலாம்.

இப்போது அந்தப் பக்கம் வேறு குடித்தனம் இருக்கிறது. நல்ல மனிதர்கள்தான். ஆனாலும் வெயில் தாழ்ந்ததும் தையலக்கா கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்து, மதிலுக்கு அந்தப் பக்கம் ஏதாவது குரல் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் நிற்பாள். கேட்காது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நிற்பாள். பழகின காது அது, சொன்னால் கேட்காது.

மதில் இல்லாத காலம் ஒன்று இருந்தது. அண்ணன் தம்பி இருவரும் அப்போது ஒரே வீடு, ஒரே அடுப்பு. அண்ணன் பஸ் கண்டக்டர். தம்பி கடைவீதியில் மின்சாமான் கடை வைத்திருந்தான். கண்டக்டரின் மனைவிதான் நம் தையலக்கா. முன்னறையில் மிஷின் போட்டுக் குழந்தைத் துணி தைத்தாள். அவள் தைத்த சட்டை முதலில் உடம்பில் ஏறினால் பிள்ளை நோய்நொடி இல்லாமல் வளரும் என்று யாரோ ஒருத்தி சொல்லப்போக, அது நாலு தெருவுக்குப் பரவிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வருகிற வழியிலேயே வண்டியை நிறுத்திவிட்டு வந்து நிற்பார்கள். "உங்க கையால தெச்சதுதான் முதல்ல போடணும்க்கா. ராசியான கை." அவள் வெளியே சிரித்து மழுப்புவாள். உள்ளுக்குள் அது அவளுக்கு இனிக்கத்தான் செய்தது. மனுஷிக்கு உலகத்தில் ஏதாவது ஒரு பெருமை வேண்டாமா? அவளுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அந்தப் பெருமையை மற்றவர்களைவிடக் கொஞ்சம் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தம்பி கட்டிக்கொண்டு வந்தவளைத் தெருவே சின்னவள் என்று கூப்பிட்டது. வந்த புதிதில் இவளுக்கு வாய் என்று ஒன்று இருக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கும். ஆறு மாதத்தில் அந்தச் சந்தேகம் எல்லோருக்கும் தீர்ந்துவிட்டது. கோழி வளர்க்கும் யோசனையும் அவளுடையதுதான். "கொல்ல சும்மாதானேக்கா கெடக்கு" என்று ஆரம்பித்தாள். தம்பி பழைய மரப்பெட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தான். ஓரகத்திகள் இருவருமே செங்கல் அடுக்கி, தகரம் போட்டு, கொல்லையின் நட்டநடுவில் ஒரு கூடு கட்டினார்கள்.

அந்த மாதிரி நாள்கள் தையலக்காவுக்கு அதற்குப் பிறகு வாய்க்கவே இல்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆண்கள் போன பிறகு இருவரும் ஆளுக்கொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். சுற்றிலும் கோழிகள் மேயும். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பது ஹெட்மிஸ்ட்ரஸ். வழியில் நின்றுகொண்டு யாரையும் போக விடாதது டிராபிக். உடம்பெல்லாம் புள்ளி விழுந்தது வெறும் புள்ளி. அதற்கு மட்டும் அவர்களுக்குக் கற்பனை ஓடவில்லை. கோழிக்கு உடம்புக்கு வந்தால் ஒருத்தி பிடிப்பாள், ஒருத்தி வைத்தியம் பார்ப்பாள். காலில் ஆணி விழுந்தால் கழுவி மஞ்சள் வைத்துத் தையலக்கா கட்டுப் போடுவாள், சின்னவள் இறக்கையோடு சேர்த்து மடியில் அமுக்கிக்கொள்வாள். பேன் விழுந்தால் சாம்பல் குவித்துப் புரள விடுவார்கள். இரைப்பை கல்லுமாதிரி இறுகிப்போனால் வாயில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு மெதுவாகப் பிசைந்து விடுவார்கள். "பேசாம போர்டு மாட்டிடலாம்க்கா" என்பாள் சின்னவள். "டாக்டர் நீங்க, நர்ஸ் நான்."

சின்னவளுக்குப் பெண் பிறந்தபோது தையலக்கா வந்த வேலையையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு சட்டை தைத்தாள். மஞ்சள் ஃபிளானல் துணி, பொத்தான் துளையைச் சுற்றிப் பச்சை நூலில் காஜா. காஜா முடிகிற இடத்தில் ஒரு தையல் கூடப் போட்டு முடிச்சிடுவது அவள் வழக்கம். வேறு யாரும் அப்படிப் போட மாட்டார்கள். பிள்ளைக்கு அதை மாட்டிவிட்டுச் சின்னவள் அழுதுவிட்டாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டதற்கு, "தெரியல" என்றாள்.

இப்படி இருந்த இடத்தில்தான் அந்தக் கறுப்புக் கோழி வந்து சேர்ந்தது.

சந்தையில் ஒரு கூடையில் தனியாக நின்றது அது. மையில் முக்கி எடுத்த மாதிரி ஒரு பளபளப்பு. தையலக்காவுக்குப் பார்த்ததுமே மனசு போய்விட்டது. வாங்கிக்கொண்டு வந்து நேராகக் கூட்டத்தோடு விட்டாள். "ரெண்டு மூணு நாள் தனியா கட்டிப் போட்டுப் பாக்கலாமேக்கா" என்றாள் சின்னவள். "அதுவே மிரண்டு போயிருக்கு. தனியா வேற போடணுமா, பாவம்" என்றாள் இவள். பாவம் பார்த்ததுதான் பாவமாகப் போயிற்று.

அந்த வாரமே கறுப்புக்கோழி தலையைத் தொங்கப்போட்டது. அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாகத் தூங்கி வழிய ஆரம்பித்தன. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின. சிலதுக்குக் கழுத்து திருகிக்கொண்டது. வெள்ளைக் கழிச்சல் என்று கால்நடை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முன்னாலேயே தடுப்பு மருந்து போட்டிருந்தால் உண்டு, வந்த பிறகு மருந்து இல்லை என்றார்கள். கூண்டோடு போயிற்று. சரக்கறையில் அடைக்கு உட்கார்ந்திருந்ததால் புள்ளி ஒன்று மட்டும் தப்பியது. ஹெட்மிஸ்ட்ரஸ் சின்னவளின் மடியிலேயே செத்தது. அதைக் கீழே வைத்துவிட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஊருக்கெல்லாம் ராசியான கை" என்றாள். "இந்த வீட்டுக்கு மட்டும் ராசியில்லாத கை."

நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? கோழியை நினைத்துத்தான் அவள் சொன்னாள். ஆனால் இந்த வீட்டுக்கு என்றால் என்ன அர்த்தமெல்லாம் வரும் என்று வீட்டில் இருந்த நாலு பேருக்கும் தெரியும். சொன்னவளுக்கே சொன்ன பிறகுதான் தெரிந்தது. தையலக்கா உள்ளே போய் மிஷினில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து சின்னவளோடு அவளுக்குப் பேச்சு நின்றுபோயிற்று.

அடுப்பு இரண்டாயிற்று. அப்புறம் அண்ணனும் தம்பியும் யோசித்து, கண்ணில் படாமல் இருந்தாலாவது நிம்மதி கிடைக்கட்டும் என்று வீட்டைப் பிரித்து, கொல்லையில் மதில் வைக்க மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். கயிறு பிடித்துப் பார்த்தால் கோடு சரியாகக் கூட்டின் நடுவில் போகிறது. மேஸ்திரி தையலக்காவிடம் கேட்டான். "அந்தம்மாவ கேளுங்க" என்றாள். சின்னவளிடம் கேட்டான். "அவங்கள கேளுங்க" என்றாள். இடி என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை, எனக்கு வேண்டும் என்று சொல்லவும் வரவில்லை. மேஸ்திரி தலையைச் சொறிந்தான். கூட்டை அப்படியே விட்டு மேலே மதிலை எழுப்பி, அந்தப் பக்கமும் ஒரு வாசல் வைத்துவிட்டுப் போய்விட்டான். உள்ளே நடுவில் எல்லை மாதிரி ஒரு வரிசைச் செங்கல். அதற்கு மேல் ஒரு சாக்குப் படுதா. யார் தொங்கவிட்டது என்று யாருக்கும் தெரியாது. அந்தச் செங்கலைத் தாண்டிக் கை நீட்டக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் யாரும் நீட்டியதில்லை.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இங்கே கூத்தாடி புள்ளிதான். காலையில் இந்த வாசலில் குருணை தின்றுவிட்டு, படுதாவுக்குக் கீழே புகுந்து அந்த வாசலில் போய்ப் பட்டினி கிடக்கிற மாதிரி நிற்கும். நாலைந்து வருஷம் இந்த நாடகம் நடந்தது. முட்டையை ஒருநாள் இவள் எடுப்பாள், மறுநாள் அவள் எடுப்பாள். இதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது, தானாக அமைந்த ஏற்பாடு. அண்ணனும் தம்பியும் மட்டும் தினமும் டீக்கடையில் சந்தித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்தே பல நாளானது போல முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

ஒருமுறை புள்ளிக்கு நடை தளர்ந்தது. தையலக்கா அதைக் கூடையில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருந்தாள். கோழியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"கோழியா இல்ல மூட்டையாம்மா இது? தீனியைப் பாதியாக் குறைங்க. இவ்வளவு கொழுப்பு ஆகாது. ஒருநாள் திடீர்னு போயிடும்."

தையலக்கா அன்றே பாதியாகக் குறைத்தாள். புள்ளி இளைக்கவில்லை. இந்தப் பக்கம் குறைந்ததை அந்தப் பக்கம் ஈடுகட்டிக்கொண்டிருந்தது. கூட்டு வாசலில் குனிந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மூன்றாவது வீட்டுச் சேவல் மதில் ஏறி வந்துபோனதன் பலனாக அந்த வருஷம் புள்ளி அடைக்கு உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் முட்டையை எடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு காலையில் கூட்டுக்குள்ளிருந்து கீச்சுக் குரல் கேட்டது. தையலக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். புள்ளியின் நெஞ்சுக்குக் கீழிருந்து சின்னச் சின்னத் தலைகள் எட்டிப் பார்த்தன. எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றைக்கு அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள்.

அதற்கு இரண்டாம் நாள், வெயில் காய்கிற நேரத்தில், புள்ளி செத்துக் கிடந்தது. டாக்டரம்மா சொன்னபடியே ஆயிற்று. கொழுப்புதான். பாதி உடம்பு இந்தப் பக்கம், பாதி உடம்பு அந்தப் பக்கம். தையலக்கா மட்டும் செம்பருத்திச் செடிக்கு அடியில் புதைத்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கேட்காத மாதிரி மண்ணைத் தள்ளி மூடினாள்.

தாயில்லாத குஞ்சுகள். அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அந்தப் பழைய சொல் மறுபடியும் வந்து அவள் எதிரில் நின்றது. இந்த வீட்டுக்கு மட்டும் ராசியில்லாத கை. இந்தக் குஞ்சுகள் பிழைத்தால் அந்தச் சொல் பொய். செத்தால் மெய். யாரும் அப்படிப் பந்தயம் கட்டவில்லை, அவளே கட்டிக்கொண்டாள். மனசு என்பது வேண்டாத வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொள்கிற பிறவி.

வீட்டுக்குள் எடுத்துப்போய் வைத்துக்கொள்ளவும் முடியாது. பொதுவில் பிறந்த குஞ்சை ஒரு வீட்டுக்குள் கொண்டுபோனால் அது களவு. கூட்டுக்குள்ளேயே சூடு வைக்க வேண்டும். கண்டக்டரிடம் சொன்னாள். அவர் மறுநாள் ஒரு பல்பும் ஒயரும் கொண்டுவந்து, ஓட்டை போட்ட தகர டப்பாவுக்குள் பல்பை வைத்து, கூட்டின் இந்தப் பக்கத்து மூலையில் தொங்கவிட்டார். வெளிச்சம் வெளியே தெரியாது, சூடு மட்டும் இறங்கும். குஞ்சுகள் அதைச் சுற்றி வந்து நின்றன. அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

ஒரு நாள்தான் அந்த நிம்மதி. அடுத்த நாள் குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. இறக்கையை உடம்பில் ஒட்டாமல் தள்ளி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் மூச்சு வாங்கின. அந்தத் திறந்த வாயை அவள் முன்னாலேயே பார்த்திருக்கிறாள். கறுப்புக்கோழி வந்த வாரம் எல்லாக் கோழியும் இப்படித்தான் வாயைத் திறந்தன. குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது, நோய் பிடிக்கப் பார்க்கிறது என்று பயந்து பல்பை இன்னும் கீழே இறக்கிக் கட்டினாள். இரண்டு குஞ்சு போயிற்று. மிச்சத்துக்குப் பின்பக்கம் எச்சம் காய்ந்து சிமெண்டு மாதிரி அடைத்துக்கொண்டது. அடைத்துக்கொண்டால் உள்ளே இருப்பது வெளியே வராது, அதுவே உயிரை எடுத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து வைத்து, ஊறினதும் மெல்ல எடுத்து, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவினாள். பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் முழங்காலுக்கு நடுவில் குஞ்சை இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் செய்தாள். காலையில் சுத்தம் செய்தது மாலையில் மறுபடியும் அடைத்துக்கொண்டது. இன்னொரு குஞ்சும் போயிற்று.

ஒரு குஞ்சைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினாள்.

"நோய் ஒண்ணும் இல்லம்மா" என்றாள் டாக்டரம்மா. "சூடு ஜாஸ்தி. குளிரடிச்சா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டுக் கத்தும். சூடு தாங்காமத்தான் இப்படி விலகி நின்னு வாயைத் திறக்கும். பின்னாடி அடைக்கறதும் அதனாலதான்."

"ஒரே ஒரு பல்புதாம்மா. சின்னது."

"அப்ப அந்த ஒண்ணையும் அணைச்சுப் பாருங்க. ஒரு பக்கம் சூடு இருந்தா ஒரு பக்கம் ஆறலா இருக்கணும். அதுக்கு எது வேணுமோ அங்க போய் நின்னுக்கும்."

நம்பிக்கை இல்லாமல்தான் திரும்பி வந்தாள். வந்த கையோடு பல்பை அணைத்தாள். மத்தியானம் திறந்து பார்த்தால் அப்போதும் குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டுதான் நின்றன. அணைந்த பல்பு ஆறிக் கிடக்கிறது, கூடு மட்டும் கொதிக்கிறது. பல்பும் இல்லை, அப்படியும் இப்படி என்றால் அது அதேதான். அந்தச் சொல்தான். என் கைதான்.

அப்போது படுதாவுக்கு அந்தப் பக்கம் ஒரு குஞ்சு ஈனமாகக் கத்தியது. எங்கேயோ மாட்டிக்கொண்ட குரல். அவள் ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு தரையில் படுத்து, செங்கல் வரிசையைத் தாண்டி, படுதாவுக்குக் கீழே கையை நீட்டினாள்.

விரலில் குஞ்சு தட்டுப்படவில்லை. சூடாக ஏதோ தட்டுப்பட்டது. துணி சுற்றிய பாட்டில். நல்ல கொதிநீர் ஊற்றின பாட்டில். அதற்கும் சுவருக்கும் இடையில்தான் குஞ்சு மாட்டியிருந்தது. அதை விடுவித்துவிட்டுத் துணியைத் தடவிப் பார்த்தாள். ஃபிளானல். ஓரத்தில் ஒரு காஜா. காஜா முடிகிற இடத்தில் கூடுதலாக ஒரு தையல்.

இருட்டில் கண் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

சரியாக அந்த நேரம் அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. பாட்டிலை மாற்ற வந்த கை இவள் கை மேல் பட்டது. இரண்டு கையும் அப்படியே நின்றன.

"யாரு?" என்றது அந்தப் பக்கம்.

"நான்தான்."

தையலக்கா பாட்டிலை விரலால் தட்டினாள்.

"பாட்டில் நீதான் வெச்சியா?"

"ஆமா." குரல் பழைய மாதிரியேதான் இருந்தது. "வாயைத் திறந்துகிட்டு நடுங்குதேன்னு... தாயில்லாத குஞ்சு. சூட்டுக்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன். நேத்துலேர்ந்து பெரிய பாட்டில் வெக்கிறேன்."

"நான் பல்பு போட்டிருந்தேன்டி."

"எங்க?"

"டப்பாக்குள்ள. இந்த மூலையில."

சின்னவளுக்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. குஞ்சுகள் வாயைத் திறக்கத் திறக்க தையலக்கா பல்பைத் தாழ்த்தியிருக்கிறாள், சின்னவள் கொதிநீரைக் கூட்டியிருக்கிறாள். ஒதுங்கி நிற்க ஒரு மூலை இல்லாமல் குஞ்சுகள் நடுவில் வெந்திருக்கின்றன. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள்?

"அப்ப நான்தான் கொன்னேனாக்கா?"

அக்கா. அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று.

"நீ மட்டும் எப்படி? எனக்கும் பாதி இருக்கு" என்றாள் தையலக்கா. "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாதும்பாங்க. நாம ரெண்டு பேரும் சேந்து மிதிச்சா சாகும் போல."

அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. பிறகு, "பல்பு யாரு குடுத்தது?" என்றாள் சின்னவள்.

"கடையிலேர்ந்துதான் வந்துச்சு. உன் வீட்டுக்காரர் கடை."

"அந்த மனுஷன்தான் நேத்து எனக்குப் பெரிய பாட்டில் வாங்கிக்கிட்டு வந்து குடுத்தாரு."

இரண்டு சூடும் தெரிந்த ஆள் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். இருவரும் டீக்கடையில் உட்கார்ந்து, பொம்பளைங்க விஷயத்தில் நாம் தலையிடக் கூடாது என்று பெருந்தன்மையாக டீ குடித்திருக்கிறார்கள். அன்று மாலை அந்தப் பெருந்தன்மைக்கு இரண்டு வீட்டிலும் கிடைத்த மரியாதையை இங்கே எழுதினால் நன்றாக இருக்காது.

"பாட்டிலை எடுத்துடு" என்றாள் தையலக்கா. "எடுத்துட்டு இங்க வா. எல்லாத்துக்கும் பின்னாடி அடைச்சிருக்கு. என்னால ஒத்தக் கையில முடியல."

மதில் இருப்பதால் சின்னவள் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். வந்து வாசற்படியில் நின்றாள். தலையில் இரண்டு நரை புதிதாக வந்திருந்தது. உள்ளே வரலாமா என்று அவள் கேட்கவில்லை, வா என்று இவளும் சொல்லவில்லை. "தண்ணி ஆறிடப் போகுது" என்று மட்டும் சொன்னாள். பழைய வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். ஒருத்தி பிடித்தாள், ஒருத்தி பஞ்சால் துடைத்தாள். ஒரு குஞ்சுக்குக் கால் இரண்டும் விரிந்து நிற்க முடியாமல் இருந்தது. தையலக்கா எலாஸ்டிக்கில் விரலளவு வெட்டி, இரண்டு காலையும் அளவாகச் சுற்றி, முனைகளை மட்டும் சேர்த்துத் தைத்துவிட்டாள். அதைப் பார்த்துச் சின்னவள், "இதுக்கு மட்டும் காஜா வேணாமாக்கா?" என்றாள். பழைய நர்ஸ் திரும்பி வந்துவிட்டாள் என்று தெரிந்தது.

பல்பு அந்தப் பக்கத்துக்கு மாறியது, உயரத்தில் ஏறியது. தண்ணீரும் தீனியும் இந்தப் பக்கம். படுதாவைக் கழற்றி எறிந்தார்கள். குஞ்சுகள் குளிர்ந்தால் அங்கே போயின, பசித்தால் இங்கே வந்தன. எலாஸ்டிக் போட்டது கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு ஓடியது. டாக்டரம்மாவிடம் இருவருமாகக் கூடையைத் தூக்கிக்கொண்டுபோய்க் குஞ்சுகளின் கண்ணில் தடுப்பு மருந்து சொட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றுகூடச் சாகவில்லை.

மதிலை இடிக்கவில்லை. கதையில்தான் இடிப்பார்கள். நிஜத்தில் மதில் வசதியான பொருள், துணி காயப்போடலாம். கூட்டின் இரண்டு கதவையும் சாயங்காலம் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, குனிந்து பேசிக்கொள்வார்கள். நடுவில் கோழிகள் போய்வந்துகொண்டிருக்கும். இப்படியே எத்தனையோ வருஷம் ஓடியது. கோழிகள் எத்தனையோ தலைமுறை மாறின. முதலில் கண்டக்டர் போனார், பிறகு தம்பியும் போனான். பேச்சு மட்டும் நிற்கவில்லை. எல்லாவற்றையும் பேசினார்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் இருவரும் தொடவில்லை. சின்னவள் சில சமயம் எதையோ ஆரம்பிப்பாள், பிறகு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். தையலக்காவுக்குத் தெரியும். ஆனால் எடுத்துக் கொடுக்க மாட்டாள். மறந்தாளா என்றால் அதுவும் இல்லை. புதிதாகப் பிறந்த குழந்தைக்குச் சட்டை வெட்டும்போதெல்லாம் கத்திரிக்கோல் ஒரு கணம் நிற்கும். அவ்வளவு வருஷமும் நின்றது.

பிறகு சின்னவளின் மகளுக்குத் தூரத்து ஊரில் பிள்ளை பிறந்தது. துணைக்கு ஆள் வேண்டும், அம்மா இனிமேல் இங்கேயே இருக்கட்டும் என்று மகள் கூப்பிட்டாள். வீட்டை வாடகைக்கு விட்டாகிவிட்டது. கிளம்புகிற அன்றைக்குக் காலையில் சின்னவள் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தாள். தையலக்கா மிஷினில் இருந்தாள். மஞ்சள் ஃபிளானலில் ஒரு சின்னச் சட்டை ஊசிக்குக் கீழே இருந்தது. பச்சைக் காஜாவெல்லாம் போட்டாகிவிட்டது. ஓரம் மட்டும் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நானே வந்து கேக்கணும்னு இருந்தேன்க்கா" என்றாள் சின்னவள். "உங்க கையால தெச்சதுதான் முதல்ல போடணும்."

"கேட்டாத்தான் தெக்கணுமா?"

சின்னவள் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். தெருவில் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, அன்னைக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் செத்தப்ப..." என்று நிறுத்தினாள். முந்தானையை விரலில் சுற்றினாள். "அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாதுக்கா."

தையலக்கா தைத்து முடித்து, குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை உதறி, மடித்து, நீட்டினாள்.

"எந்த வார்த்தை?" என்று கேட்டாள்.

சின்னவள் அவள் முகத்தையே பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. நிஜமாகவே தெரியாதவள் மாதிரி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சட்டையை நீட்டின கையின் கட்டைவிரல் மட்டும் காஜா முனையில் இருந்த அந்தக் கூடுதல் தையலைத் தடவிக்கொண்டே இருந்தது. சின்னவள் சட்டையை வாங்கவில்லை. சட்டையோடு சேர்த்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.